உள்ளுறைக்குள் ஒரு ஓட்டு

அன்பு மகளே,

நடந்தது அத்தனையும் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது. இங்கே எல்லோரும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே. உன் அம்மாவுக்கு வலது கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல், அதனால் இந்தத் தடவை அவளுக்குப் பதில் சித்தப்பா எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் என் எழுத்தைப் பார்த்த ஹெட்மாஸ்டர் இது கையால் எழுதியதா அச்சில் அடித்ததா என்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இப்போது பேனாதான் மக்கர் பண்ணுகிறது. அன்று நீ போனில் அழுததை உன் அம்மா வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தபால் ஓட்டுக்கு நீ அங்கிருந்தபடியே மனு போடாமல் இருந்திருந்தால் அம்மாவை அடித்திருக்க மாட்டார்கள் என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் நான் ஆரம்பித்தால் பாதியில் அவள் பிடுங்கிக்கொள்கிறாள், காகிதத்தில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது.

நம் மெத்தைக் கடையில் பஞ்சுப் பொதி சரிந்து விழுந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு வந்த தேர்தலிலெல்லாம் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனது யார், நான்தான். ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்து வாசலில் படி. சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று ஒரு சரிவு பின்பக்க கேட்டுக்குள்ளே இருக்கிறது, கேட்டுக்குப் பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் அங்கே உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு கையில் குடை, மறு கையால் அவளையும் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கி வைத்தேன், நின்றவர்கள் எல்லாம் கையைத் தட்டினார்கள். உள்ளே மேஜை அவளுக்கு எட்டாது. அதனால் உதவியாள் என்று எழுதிக் கொடுத்து அவள் ஓட்டையும் நானே குத்திவிட்டு வருவேன், எந்தச் சின்னம் என்று கேட்டுக்கொள்வதுகூட இல்லை, ஒரே வீடுதானே என்று விட்டுவிடுவேன். போன தடவை வெளியே வந்ததும் அவள் என்னிடம், "நீ ரெண்டு ஓட்டுப் போட்டுட்ட தம்பி. நான் ஒரு தடவை படி ஏறி இறங்கினேன்" என்றாள். இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன், நீ மனுப் போட்டது எதற்கு மருந்து என்று உனக்குத் தெரிய வேண்டும்.

தபாலில் ஓட்டுச்சீட்டு வந்த அன்று தலையை வாரிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தையல் அறையில் மேஜைக்கு நேரே நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வெளியே போகச் சொன்னாள். வேடிக்கை பேசுகிறாள் என்று சிரித்தேன். கதவையும் சாத்திவிட்டுப் போ என்றாள். என் அண்ணன் கட்டிய வீட்டில் என் மூஞ்சிக்கு நேரே இதுவரை ஒரு ஜன்னல்கூடச் சாத்தியதில்லை மகளே, அன்று வாசலில் போஸ்ட்மேன் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது சீட்டை உள்ளுறைக்குள் போட்டு ஒட்டியிருந்தாள். அந்த உள்ளுறையை வெளியுறைக்குள் போட வேண்டும், வெளியுறையில் அவள் கையெழுத்து, பக்கத்தில் சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து, அந்த உறையிலேயே பார்க்க லட்சணமான இடம் அதுதான். யாருக்குத்தான் போட்டாளாம் என்று நீயும் போனில் கேட்டாய். எல்லாம் முடிந்ததும் என்னைக் குனியச் சொல்லி, நீ சொன்ன மாதிரி டீச்சருக்குத்தான் போட்டேன் தம்பி, யாரிடமும் மூச்சு விடாதே என்று என் காதில் மட்டும் சொன்னாள். நிற்கிறவர்கள் இரண்டே பேர். ஒன்று அந்த ரிட்டையர் ஆன டீச்சர், ஜெயித்தால் பின்பக்க கேட்டுச் சாவியைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்வேன் என்றவர். இன்னொருவர் சிமெண்டுக் கடைக்காரர். அந்தச் சரிவைத் தன் சொந்த சிமெண்டில் கட்டிக் கொடுத்ததே அவர்தான், ஆனால் ஏறுகிறவன் எல்லாம் ஏறின வேகத்தில் கீழே வருகிற மாதிரி கட்டியிருக்கிறார்.

இந்த சிமெண்டுக்காரரிடம் புல்லட்டு என்று ஒருத்தன் இருக்கிறான், நீ இங்கிருந்தபோது மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு திரிந்தானே அவனேதான், இப்போது வண்டியும் கழுத்தும் பெருத்துவிட்டது. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் என்று வீட்டிலிருந்தே ஓட்டுப் போடுகிறவர்கள் யார் யார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். நாங்களே தபாலில் சேர்த்துவிடுகிறோம் என்று சிரித்துக்கொண்டே உறையைக் கேட்பான், கொடுக்காவிட்டால் சிரிப்பை நிறுத்திவிடுவான். பக்கத்துத் தெருவில் மொத்தமாக அள்ளிவிட்டான். நம் தெருவில் முதலில் போனது ரேடியோ ரிப்பேர்காரரிடம். அவருக்குக் கண் இல்லை, விரலால் பிழைக்கிறவர், கம்பியைத் தொட்டுப் பார்த்தே எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லுவார். தர மாட்டேன் என்றதற்கு அவர் வலது கட்டைவிரலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்துவிட்டு, சட்டைக்குள் இருந்த உறையை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கிழித்திருக்கிறான். விரல் ஒடிந்த சத்தத்தைவிடக் கிழிக்கிற சத்தம்தான் இன்னும் கேட்கிறது என்று அவர் உன் அம்மாவிடம் வந்து சொன்னார். அவள் உடனே போனை எடுத்தாள். தெருவில் வீட்டிலிருந்து ஓட்டுப் போடுகிற அத்தனை பேரையும் கூப்பிட்டு, யார் வந்து கேட்டாலும் உறையைக் கையில் கொடுக்காதீர்கள், நாளைக்குத் தபால்காரம்மா ஒவ்வொரு வாசலாக வருவார், அவர் பையில் உங்கள் கையாலேயே போடுங்கள் என்று சொன்னாள். தபால்காரம்மாவும் சரி என்றார். சைக்கிளில் வருகிறவர், எவனுக்கும் பயப்படாதவர், நாய்க்கு மட்டும் பயப்படுவார்.

இனிமேல் எழுதப் போவது ஒரு வார்த்தையால் வந்த வினை. மறுநாள் காலையில் தபால்காரம்மா முதலில் நம் கடைக்குத்தான் வந்தார், உன் அம்மா தன் உறையை அவர் பையில் போட்டாள், அவர் தெருவுக்குள்ளே மேலே போனார். நானும் நிம்மதியாக டீக்கடைக்குப் போனேன். அங்கே யாரோ உங்க வீட்டு ஓட்டு என்ன ஆச்சு என்று கேட்க, அண்ணியோட ஓட்டு உள்ளுறைக்குள்ள போட்டு ஒட்டியாச்சு, இனிமே எமனே வந்தாலும் பிரிக்க முடியாது என்று மெதுவாகத்தான் சொன்னேன், பாலம் வரைக்கும் கேட்டது என்று டீக்கடைக்காரன் சொல்வது வயிற்றெரிச்சல். புல்லட்டு பின்னால் பெஞ்சில் இருந்திருக்கிறான். நம் தொழிலில் உள்ளுறை என்றால் என்ன, உனக்கே தெரியும், மெத்தைக்கு மேலே தெரிகிற பூப்போட்ட துணி வெளியுறை, அதற்குள்ளே பஞ்சை அடைக்கிற முரட்டுத் துணிப் பை உள்ளுறை. மெத்தைக்காரன் வீட்டு ஓட்டு உள்ளுறைக்குள்ளே இருக்கிறது என்றால் அவன் என்ன நினைப்பான். ஓட்டை ஏதோ ஒரு மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டான். இந்த மாதிரித் தப்பு உலகத்தில் நம் கடையைத் தவிர வேறெங்கும் நடக்க முடியாது, அந்தப் பெருமை நமக்குத்தான்.

நான் கடைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் மூன்று பேரோடு வந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். கையில் பேக்கிங் வெட்டுகிற கத்தி. ஓட்டு எங்கே என்றான். மகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனி. போயாச்சு, தபாலில் போட்டாச்சு என்று உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அவளைத் தொட்டிருக்க மாட்டான். ஆனால் தெருவுக்கு அந்தக் கோடியில் வழி கிடையாது, மேலே போன தபால்காரம்மா எல்லோருடைய உறையையும் வாங்கிக்கொண்டு நம் கடையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். சொன்னால் அந்தப் பொம்பளையை சைக்கிளோடு சாய்த்துத் தெரு மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் உன் அம்மா வாயைத் திறக்காமல், விடுதிக்காகத் தைத்து அடுக்கியிருந்த மெத்தைகளை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பொய்யை வாயால்தான் சொல்ல வேண்டுமா என்ன. அவர்கள் அடுக்கின் மேல் பாய்ந்தார்கள். ஐந்து பேரையும் நான் ஒரே ஆளாக மறித்தேன், ஒருவனைத் தூக்கிப் பஞ்சு அடிக்கிற மெஷின் மேலே எறிந்தேன், அதற்குள் பின்னாலிருந்து என் வாயிலேயே ஒரு குத்து, முன்பல் ஒன்று என் நாக்கு மேலேயே விழுந்தது. அப்புறம் ஏழு பேரும் சேர்ந்து என்னை ஒரு பழைய மெத்தைக்குள் வைத்துச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, ஒருவன் மேலே உட்கார்ந்துகொண்டான். சுருளின் ஓட்டை வழியாகத்தான் மீதியைப் பார்த்தேன்.

மெத்தை மெத்தையாகக் கிழித்தார்கள். கத்தியை ஒரு மூலையில் குத்தி மறு மூலை வரைக்கும் இழுப்பான், வெளியுறை பிளக்கும், அடுத்த இழுப்பில் உள்ளுறை பிளக்கும், உள்ளே கையை விட்டுக் குடலை உருவுகிற மாதிரி பஞ்சை வாரி வாரி வெளியே எறிவான். உன் அம்மா தன் கையால் போட்ட தையல் ஒவ்வொன்றும் அறுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும். கடை முழுவதும் வெள்ளையாகப் பறந்தது, மூக்கிலும் வாயிலும் பஞ்சு, இருமுகிறவன் இருமிக்கொண்டே கிழிக்கிறான். அடுக்கு முடிந்தும் உறை கிடைக்கவில்லை. பஞ்சு தட்டுகிற தடி மூலையில் சாத்தியிருந்தது, அதை எடுத்து அவள் நாற்காலியின் கைப்பிடி மேல் ஓங்கினான். கைப்பிடி மேலேதான் அவள் கை இருந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். அவள் கத்தவில்லை மகளே, பல்லைக் கடித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. இன்னொரு தடவை ஓங்கிவிட்டு, சரிக்கா, உறை கிடக்கட்டும், யாருக்குப் போட்டேன்னு மட்டும் சொல்லிடு, விட்டுடறேன் என்றான். அதற்குத்தான் அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "கேட்டா சொல்றதுக்காடா கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டேன்?" என்றாள்.

அவன் லைட்டரை எடுத்தான். பஞ்சு பறக்கிற இடத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது என்று உன் அப்பா சுவரில் எழுதி வைத்த எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு லைட்டரை அவள் புடவைக்குப் பக்கத்தில் பிடித்தான். அவன் ஆட்களே வேண்டாம்ணே என்றார்கள். நான் மெத்தைக்குள்ளிருந்து சிங்கம் மாதிரி கர்ஜித்தேன், வெளியே பூனைக்குட்டி மாதிரிதான் கேட்டதாம், பஞ்சு சத்தத்தை உறிஞ்சிவிடும். அப்போது தெருவில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரம்மாவின் மணி தனி, பாதியில் தடுக்கிக் கிணுகிணு என்று நிற்கும். அது மேலேயிருந்து வந்தது, ஷட்டருக்கு வெளியே கடந்தது, மெயின் ரோட்டுப் பக்கம் தேய்ந்து போனது. அதுவரைக்கும் உன் அம்மா அசையவே இல்லை. மணி நின்றதும் இடது கையை மடியிலிருந்து எடுத்தாள். கையில் மெத்தை ஊசி, என் முழங்கை நீளம் இருக்கும், அதை லைட்டர் பிடித்திருந்த கையின் நடுவில் ஏற்றி மறுபக்கம் எடுத்தாள். அவன் போட்ட அலறலில் ஷட்டர் அதிர்ந்தது. கை உதறலில் அவன் சட்டைக்கையில் ஒட்டியிருந்த பஞ்சு குப்பென்று பிடித்தது, அக்குள் வரைக்கும் தீ ஓடியது, கிழிந்து கிடந்த குவியலிலும் பிடித்தது. ஓடுகிற ஓட்டத்தில் அவன் நாற்காலியை உதைத்ததில்தான் அவள் தலைகுப்புற விழுந்து நெற்றி பிளந்தது. மற்றவர்கள் ஷட்டருக்கு அடியில் எலி மாதிரி நுழைந்து போய்விட்டார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஈரச் சாக்கோடு வந்து தீயை அமுக்கி, முதலில் அவளைத் தூக்கி, கடைசியில்தான் என்னை அவிழ்த்தார்கள். பாதிச் சரக்கு கரியாகப் போனது, அடுத்த பாதியில் அவள் ரத்தம்.

புல்லட்டு தெருவில் உருண்டு தீயை அணைத்துக்கொண்டிருந்தான். தெரு சும்மா இருக்குமா, செருப்பு, தடி, கையில் கிடைத்தது எல்லாம் விழுந்தது. அவன் வாய் எங்கே மூக்கு எங்கே என்று தெரியவில்லை. அப்போது ரேடியோக்காரர் கம்பைத் தட்டிக்கொண்டு வந்து, அவன் எங்கே என்று கேட்டார். யாரோ கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். அவர் குனிந்து அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார், தோளைத் தடவினார், கை வழியாக இறங்கி அவன் இடது கட்டைவிரலைக் கண்டுபிடித்தார். கம்பி சரிபார்க்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு நிதானமாகப் பின்பக்கம் மடக்கினார், ஒடிகிற வரைக்கும் விடவில்லை. தெரு கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் உன் அம்மா, முகமெல்லாம் ரத்தத்தோடு வாசலில் கிடந்தவள், அந்தச் சத்தத்துக்கு மட்டும் வாந்தி எடுத்தாள். போதும், அவனை விடுங்கள் என்றாள். அவள் சொல்லித்தான் அவளை ஏற்றிய ஆஸ்பத்திரி வண்டியிலேயே அவனையும் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் எதிரெதிர் வார்டு. அவனுக்கு இரண்டு கையிலும் கட்டு, தண்ணீர்கூட யாராவது ஊட்ட வேண்டும். சிமெண்டுக்காரர் போலீசிடம் அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டார், ஒருத்தரும் பார்க்க வரவில்லை. மூன்றாம் நாள் உன் அம்மாவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் கூப்பிட்டு, அக்கா, சத்தியமா கேக்கறேன், எந்த மெத்தையில வெச்சிருந்தீங்க என்றான். மெத்தையில எங்கடா இருந்துச்சு, நீ வர்றதுக்கு முன்னாடியே தபால்ல போயாச்சு என்றாள். அவன், அதை அப்பவே சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டேனே என்றான். "அடிச்சிருப்ப, வேற ஆளை" என்றாள். என்னிடம் அவனுக்குத் தண்ணீர் கொடு என்றாள், கொடுத்தேன், நாலு பல்லை நான் கழற்ற வேண்டியவனுக்கு என் கையால் தண்ணீர், அதையும் எழுதி வைத்துக்கொள்.

ஆகவே மகளே, நீ போட்ட மனுவால் உன் அம்மாவுக்கு அடி விழுந்தது என்று இனி ஒரு தடவை சொன்னால் நானே அங்கே வந்து உன் காதைத் திருகுவேன். உறைகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று தபால்காரம்மா அவளிடம் வந்து சொன்னார், ரேடியோக்காரரின் ஒன்றைத் தவிர. அதற்கு அவர் புதுச் சீட்டுக் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறார், நான் கூடப் போய்ப் பேசினால் பயந்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். எண்ணுவது அடுத்த வாரம். நீ இப்போது டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டாம், கட்டுப் பிரித்த பிறகு வா, அப்போதுதான் அவள் கையால் சாப்பிடலாம். குழந்தைக்கு இருமல் என்றாயே, ஈரத் தலையோடு விடாதே. மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். அடுத்த தேர்தலுக்கும் மறக்காமல் அம்மா பேரில் மனுப் போட்டுவிடு, கடைசி நாள் வரைக்கும் தள்ளாதே. எங்கள் மூன்று தலைமுறை ஆசியும் உங்கள் மூன்று பேர் தலைமேலும் எப்போதும் இருக்கட்டும், நோய் நொடி உங்கள் தெருப் பெயர்கூடத் தெரியாமல் போகட்டும்.

இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போடப் போகும்போது, முழுசாகப் படித்துக் காட்டு என்று உன் அம்மா உட்கார்ந்துவிட்டாள். படித்தேன். சிங்கம் மாதிரி என்ற இடத்தில் தையல் இழுக்கிற அளவுக்குச் சிரித்தாள். மூணு பேர் ஏழு பேர் ஆனதோ, ஒரு கையில் என்னைத் தூக்கினதோ, அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும், பிள்ளை சிரிக்கும் என்றாள். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அதை அடித்துவிடு என்றாள். அடித்தால் உள்ளே என்ன இருந்தது என்று நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும், அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன். என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள் என்று எழுதினேனே, அது நான் கட்டியது. அவள் சொல்லவில்லை. கத்தியோடு வந்தவனிடம் சொல்லாததை, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தெளிகிற நேரத்தில் நான் குனிந்து கேட்டபோதும் சொல்லவில்லை, இப்போது கடிதத்தைப் படித்து முடித்த பிறகு கேட்டதற்கும் கதவுப் பக்கம்தான் பார்த்தாள்.

இப்படிக்கு,
உன் அம்மா யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை தெரியாத
உன் சித்தப்பா